கமோடு நகரவே இல்லை

அத்தியாயம் ஒன்பது

"வாயை நல்லாத் திறங்க."

கண்டக்டர் திறந்தார். பஸ்ஸில் வேலை பார்த்த காலமெல்லாம் 'உள்ளே போ, உள்ளே போ' என்று கத்திக் கத்தியே பெரிதான வாய் அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதற்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

பல் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் துழாவினார். "கடைவாய்ப் பல்தானே வலிக்குது?"

"ஆஆ."

"எடுத்துடலாம்."

கண்டக்டர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பல்லில் வலியே கிடையாது. பல்வலி என்று சொல்லி நுழைந்து, டாக்டர் வீட்டுக் குளியலறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பல்லைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"ஒரு நிமிஷம் டாக்டர். அவசரமா வருது."

"வாசல்ல பேஷன்ட்டுங்களுக்குன்னு ஒரு டாய்லெட் இருக்கே."

"அதுல ஒரு அம்மா போய் ரொம்ப நேரமாச்சு. தூங்கிட்டாங்களோ என்னமோ."

அந்த அம்மா தூங்கவில்லை. உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி நின்றிருந்தாள். துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். நிறுவனம் என்றால் ஒரு மேஜை, ஒரு பழைய கார், ஒரு கண்டக்டர். ஆள் ஒல்லி, பேச்சு குத்தல். அதனால் ஊர் அவளுக்கு வைத்த பெயர் ஊசி. கண்டக்டர் மட்டும் முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்.

டாக்டர் அலுத்துக்கொண்டே கிளினிக்குக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் அவரை அழைத்துப் போய்க் குளியலறைக் கதவைக் காட்டினார்.

முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருந்தது உள்ளே. எல்லாம் புதுசு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஷவர், சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ், இடது பக்கச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு புது கமோடு. கண்டக்டர் அதன் மூடிமேல் உட்கார்ந்து சுற்றிலும் நோட்டம் விட்டார். உட்கார்ந்ததும் இடது முழங்கை சுவரில் இடித்தது. இவ்வளவு பெரிய அறையில் கமோடை ஏன் இப்படி மூலையில் கொண்டுபோய்த் திணித்திருக்கிறார்கள்? எழுந்திருக்கும்போது முழங்கை மறுபடியும் இடித்தது. வெறும் பானையைத் தட்டினால் வருகிற சத்தம் வந்தது. எதிர்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். கைதான் வலித்தது, சத்தமே இல்லை.

திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்ததும் பேச்சுக் கொடுத்தார். "பாத்ரூம் சூப்பரா இருக்கு டாக்டர். கமோடுல உக்காந்தாதான் கை இடிக்குது."

"முன்னாடி நடுவுல இருந்துச்சு. ஷவருக்கு இடம் வேணும்னு நான்தான் சுவரோரமா நகர்த்தி வெச்சேன்" என்றார் டாக்டர், இடுக்கியைத் துடைத்தபடி. "ஒரு ஊசி போட்டுட்டா வலியே தெரியாது."

ஊசியால்தானே எனக்கு இந்த வலியே என்று நினைத்துக்கொண்டு கண்டக்டர் கண்ணை மூடினார்.

*

காரின் முன் சீட்டில், வாயில் பஞ்சோடு கண்டக்டர் நடந்ததைச் சொல்லி முடித்தபோது, ஊசி அவர் பல்லைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"நகர்த்தி வெச்சேன்னு சொன்னாரா? அவர் வாயாலயா?"

"என் வாய்க்குள்ள கையை விட்டுக்கிட்டே சொன்னாரு மேடம். நல்ல பல்லு. சோத்துக்கும் சண்டைக்கும் கூடவே இருந்த பல்லு. அந்தாளைச் சும்மா விடக் கூடாது."

"உங்களுக்குப் பல்லு போச்சு அண்ணே" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். "என் தம்பிக்கு என்ன போச்சுன்னு தெரியும்ல?"

கண்டக்டர் பஞ்சை அழுத்திக் கடித்தார். பின் சீட்டில் இருந்தவள் ஒரு தையற்காரி. இந்த வழக்கைக் கொண்டுவந்தவள். மடியில் ஒரு சாக்குப் பை, பைக்குள் அவள் தம்பியின் சுத்தியல். காலையிலிருந்து அதைக் கீழே வைக்கவே இல்லை.

அவள் தம்பி டைல்ஸ் மேஸ்திரி. டாக்டரின் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது. பக்கத்துக் குளியலறையைப் புதுசாக மாற்றிக் கட்டித் தரச் சொல்லி டாக்டர்தான் அவனைக் கூப்பிட்டார். பழைய டைல்ஸைப் பெயர்த்து, கமோடைக் கழற்றி வைத்து, ஓதம் ஏறாமல் இருக்கத் தரையில் கறுப்புப் பூச்சு பூசும் வரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அந்தச் சமயத்தில் டாக்டரின் அம்மா விட்டுப்போன நகைப்பெட்டி காணாமல் போனது. டாக்டரும் அவர் தங்கையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டிய நகை. தங்கை அதற்காக வரவிருந்த அன்றைக்கே காணோம். வீட்டுக்குள் வந்துபோன ஒரே வெளியாள் மேஸ்திரி. டாக்டர் அவனைக் கை காட்டினார், இன்ஸ்பெக்டர் வந்தார், மேஸ்திரியை வெறுங்காலோடு தெரு வழியாக இழுத்துப் போனார்.

பெட்டி கிடைக்கவில்லை. மேஸ்திரியின் வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் உடைந்தன. 'தப்பிச்சு ஓடப் பார்த்தான், பாத்ரூம் தண்ணியில வழுக்கி விழுந்தான், கை உடைஞ்சுது' என்று இன்ஸ்பெக்டர் கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னார். விரல்கள் கூடிவிட்டன, ஆனால் மடங்கவில்லை. டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு மடங்காத விரல் எதற்கு? திங்கட்கிழமை தீர்ப்பு.

முதல் நாள் ஆபீசுக்கு வந்தபோது தையற்காரி அழவில்லை. அழுகையெல்லாம் வற்றிப்போய் அடியில் காந்தல் மட்டும் மிச்சம் இருந்தது. "என் தம்பி வெளிய வரணும், அது ஒண்ணு" என்றாள். "அவன் கைக்கு யார் யார் காரணமோ, அவங்க ஒருத்தர் விடாம இந்தத் தெருவே பாக்கத் தலைகுனியணும், அது ரெண்டு. ஒண்ணு மட்டும்தான் முடியும்னா சொல்லிடுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." ஊசி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டும் முடியும்" என்றாள். கண்டக்டருக்கு அப்போதே தெரியும், மேடத்துக்கும் உள்ளே ஏதோ எரிகிறது என்று. நியாயம் கேட்டு வருகிறவர்களிடம் அரைப்பேச்சுப் பேசுவாள். பழி கேட்டு வருகிறவர்களிடம்தான் முழுப்பேச்சு.

"கண்டக்டர், என் வீட்டு பாத்ரூமை மாத்திக் கட்டினேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரங்க இன்னும் உங்ககூடப் பேசறதில்லை."

"ஏன் பேசறதில்லை?"

"வாரம் பூரா டமால் டமால்னு தரையை ஒடைச்சா யாரு பேசுவாங்க?"

"கமோடை ஒரு ஜாண் தள்ளி வைக்கணும்னு ஆசைப்பட்டேன். அதுக்குத்தான் அத்தனை டமாலும். மாடி பாத்ரூமா இருந்தா கீழ் வீட்டுக் கூரைக்கு அடியில பைப்பை இழுத்துக்கலாம். தரைத்தளத்துல அடியில என்ன இருக்கு? மண்ணு. மண்ணு மேல கான்கிரீட். கழிவு பைப் அந்தக் கான்கிரீட்டுக்குள்ளயே புதைஞ்சு கிடக்கு. அது எங்க வாயைத் திறந்திருக்கோ அங்கதான் கமோடு உக்காரும். வேற இடத்துல உக்காரணும்னா கான்கிரீட்டை வெட்டணும்." ஊசி காரின் கதவைத் திறந்தாள். "வாங்க. டாக்டர் வெட்டினாரான்னு பாத்துட்டு வருவோம்."

"எங்க?"

"பக்கத்து வீட்டுல. நம்ம வீட்டு ரகசியம் நம்மளவிட அவங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்."

*

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை, பகலெல்லாம் தூக்கம். அழைப்பு மணி அடித்ததும் கதவைத் திறந்தவள் முகத்தில், பேச்சைவிட அறை முதலில் வந்துவிடும் போலிருந்தது.

"பக்கத்துல பாத்ரூம் வேலை நடந்துச்சே" என்று ஊசி ஆரம்பித்தாள். "ரொம்பத் தொந்தரவா?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கறீங்க!" நர்ஸுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "பழைய டைல்ஸைப் பேத்தப்போ தலைவிரிகோலமா போய்ச் சண்டை போட்டேன். பாவம், அந்த மேஸ்திரிப் பையன் நல்லவன். நீங்க எழுந்து ஜன்னலைத் திறந்தப்புறம் ஆரம்பிக்கறேன்க்கான்னு சொன்னான். சொன்னபடியே செஞ்சான். அவனையா திருடன்கறாங்க?"

"அவனைப் பிடிச்சுட்டுப் போனதுக்கு அப்புறம்?"

"யாரோ வெளியூர் ஆளைக் கூட்டிட்டு வந்து டாக்டர் மிச்ச வேலையை முடிச்சாரு. ஒரு சத்தம் இல்லை. நான் பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கினேன். டாக்டரைப் பாத்து நானே தேங்க்ஸ்கூடச் சொன்னேனே!"

"தரையை ஒடைக்கிற சத்தம்?"

"ஒடைச்சிருந்தா நான் அவர் பல்லை ஒடைச்சிருப்பேன்."

நர்ஸைக் கண்டக்டருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

தெருவுக்கு வந்ததும் அவர் தலையைச் சொறிந்தார். "மேடம், எனக்குக் குழப்பமா இருக்கு. கமோடு நடுவுல இருந்துச்சு. இப்போ சுவரோரமா இருக்கு. ஆனா தரையை யாரும் ஒடைக்கலை. அப்போ கமோடு எப்படி நகர்ந்துச்சு?"

"நகரலை" என்றாள் ஊசி. "அது இருந்த இடத்துலயேதான் இருக்கு. சுவர்தான் அது பக்கத்துல வந்து நின்னுருக்கு."

கண்டக்டரின் கை தானாகவே இடது முழங்கையைத் தடவியது. வெறும் பானைச் சத்தம்.

"போலிச் சுவரா?"

"சிமென்ட் போர்டை நிறுத்தி, மேல டைல்ஸ் ஒட்டினா சத்தமில்லாத வேலை. பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவுல ஒரு ஆள் அகலத்துக்கு இடம் கிடைக்கும். தங்கச்சிக்குப் பங்கு குடுக்க மனசில்லாத அண்ணனுக்கு அந்த இடம் போதாதா?"

தையற்காரி பையிலிருந்து சுத்தியலை வெளியே எடுத்தாள். "போலாம்."

"பொறு. அதை இப்பவே எடுத்தா நகை மட்டும்தான் வெளிய வரும். நீ கேட்டது ரெண்டு." ஊசி போனை எடுத்தாள். "கண்டக்டர், நீங்க டாக்டரோட தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க. நான் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடறேன்."

"அந்தாளையா? அவர் டாக்டர் பக்கம் ஆச்சே!"

"அவர் எப்பவும் அவர் பக்கம்தான். அதான் வேணும்."

*

சாயந்திரம் டாக்டர் வீட்டில் திருவிழாக் கூட்டம். தையற்காரி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். தன் தம்பியை இழுத்துப் போனபோது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவரையும் விடவில்லை. நர்ஸ் லீவு போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் நின்றாள். டாக்டரின் தங்கை, அம்மாவின் நகை வெளிவந்தால் அப்படியே படம் பிடித்துவிட வேண்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். குளியலறை வாசலில் இன்ஸ்பெக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நகை கிடைத்தால் பெயர் அவருக்கு, கிடைக்காவிட்டால் கெட்ட பெயர் ஊசிக்கு என்று பேசி அவரை வரவழைத்தாயிற்று.

"இது என்ன அக்கிரமம் சார்?" டாக்டர் குதித்தார். "என் வீட்டுச் சுவரை ஒடைக்க இவங்க யாரு?"

"பாதி வீடு என் பேர்ல இருக்கு" என்றாள் தங்கை. "என் பாதியை ஒடைக்கச் சொல்லியாச்சு. நீங்க ஒடைங்க அக்கா."

தையற்காரி சுத்தியலை ஓங்கினாள். முதல் அடியில் டைல்ஸ் சிதறியது. அடுத்த அடியில் போர்டு பிளந்தது. அதற்கு மேல் அடிக்கத் தேவையே இல்லை, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடியையும் அவள் எங்கோ சேர்த்துவைத்திருந்தாள். ஊசி தோளைத் தொட்ட பிறகுதான் கை இறங்கியது.

உள்ளே இருட்டில், கறுப்புப் பூச்சுத் தரைமேல் ஒரு எவர்சில்வர் பெட்டி.

கூட்டம் 'ஓ' என்றது. தங்கை, "அம்மாவோட பெட்டி!" என்று கத்தினாள். டாக்டரின் முகம் வெளுத்தது. கண்டக்டருக்குப் பல் போன இடத்தில் தேன் வார்த்தாற்போல் இருந்தது.

ஆனால் வெளுத்த முகம் வெளுத்தபடியே நிற்கவில்லை. மெல்ல நிறம் திரும்பியது. பிறகு ஒரு சிரிப்பும் வந்தது.

"பாத்தீங்களா சார்!" என்றார் டாக்டர். "திருட்டுப் பயல் எவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்கான்! என் வீட்டுக்குள்ளயே ஒரு சுவரைக் கட்டி ஒளிச்சு வெச்சிருக்கான். ஜெயில்லருந்து வந்ததும் எடுத்துக்கலாம்னு பிளான். பாத்ரூம்ல சுவர் கட்டத் தெரிஞ்சவன் யாரு? நானா? நான் பல் புடுங்கறவன்!"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அட, ஆமாம்ல? மேஸ்திரிக்குத்தானே சுவர் கட்டத் தெரியும்?

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "அப்போ கேஸ் இன்னும் ஸ்ட்ராங்கா ஆகுது. திங்கட்கிழமை ஜட்ஜுக்கு முன்னாடி இந்தப் பெட்டியை வெச்சா முடிஞ்சுது."

தையற்காரி சுத்தியலை மறுபடியும் தூக்கினாள். ஆடிப்போனார் கண்டக்டர். நகையைத் தேடி எடுத்து, தம்பியின் தலையிலேயே வைத்துவிட்டோமே! மேடம் ஏதாவது செய்யுங்கள் என்று திரும்பினார்.

மேடம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "டாக்டர் சொல்றதுதான் சரின்னு படுது."

"மேடம்!"

"சும்மா இருங்க கண்டக்டர்." ஊசி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். குரலில் தேன் ஒழுகியது. "அப்போ நீங்க பிடிக்க வந்த அன்னைக்கே இந்தச் சுவர் இங்க இருந்திருக்கு, இல்லையா சார்? இந்த ரூம்லதான் தேடினீங்க. பெட்டி உங்க மூக்குக்கு நேரா, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கு. நீங்க பாக்காமப் போயிட்டீங்க. பாவம், யாருக்கும் நடக்கறதுதான். நாளைக்குப் பேப்பர்க்காரங்க என்ன எழுதுவாங்கன்னு நினைச்சாதான் கஷ்டமா இருக்கு."

இன்ஸ்பெக்டரின் கை மீசையில் அப்படியே நின்றது.

டாக்டர் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடத் தெரியவில்லை. காலமெல்லாம் அடுத்தவர் வாயையே பார்த்தவர். "சார் மேல தப்பில்லை. சாருக்குக் கட்டட வேலையைப் பத்தி என்ன தெரியும்? புதுச் சுவர், பழைய சுவர் வித்தியாசமெல்லாம் அவருக்கு எங்க தெரியப்போகுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நர்ஸாகத்தான் இருக்கும்.

"யோவ்!" இன்ஸ்பெக்டர் வெடித்தார். "என்னை என்ன குருடன்னு நினைச்சியா? ஒரு சுவர் நின்னா எனக்குத் தெரியாதா? அன்னைக்கு இங்க எந்தச் சுவரும் இல்லை. ரூம் பூராத் தண்ணி. ஓதம் அடங்கிடுச்சான்னு பாக்க வாசல்ல சிமென்ட்டால வரப்பு கட்டித் தண்ணியைத் தேக்கி வெச்சிருந்தான் அந்தப் பையன். என் ஷூ பூரா நனைஞ்சு போச்சு!" உடைந்த ஓட்டைக்குள் தலையை விட்டுக் கையை நீட்டினார். "அதோ பாரு, அந்தப் பழைய சுவர்ல தண்ணி நின்ன கோடு. அது வரைக்கும் தண்ணி நின்னுச்சு. நடுவுல இந்தச் சுவர் இருந்திருந்தா அங்க எப்படித் தண்ணி போகும்? நீயே சொல்லு!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பழைய சுவரின் அடியில், ஓரத்திலிருந்து ஓரம் வரை, காய்ந்த தண்ணீர்க் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

"அப்போ பைப்?" என்றாள் ஊசி, ரொம்ப அப்பாவியாக.

"பைப் வாய் நடுவுல நீட்டிக்கிட்டு இருந்துச்சு, துணி அடைச்சு. தண்ணிக்குள்ள தெரியலை. அதுலதான் என் கால் இடறிச்சு."

"அடடா! விழுந்துட்டீங்களா சார்?"

"விழுந்திருந்தா மண்டை போயிருக்கும். நல்லவேளை, அந்தப் பையன் சட்டுனு பிடிச்சுட்டான்." இன்ஸ்பெக்டர் டாக்டரை முறைத்தார். "அவனை நான் அந்தத் தண்ணியிலருந்து நேரா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்புறம் அவன் இந்த வீட்டுப் பக்கமே வரலை. இந்தச் சுவரைக் கட்டினது யாருய்யா?"

டாக்டர் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே தெருவே அடைத்துக்கொண்டு நின்றது.

இதற்காகவே காத்திருந்த கண்டக்டர், வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு முன்னால் வந்தார். "காலையில என் பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க டாக்டர்? கமோடை நான்தான் சுவரோரமா நகர்த்தினேன்னு சொன்னீங்கள்ல? கான்கிரீட்டை ஒரு இடத்துலயும் ஒடைக்காம எப்படி நகர்த்தினீங்க? அந்த வித்தையைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, மேடம் வீட்டுக்கு ஆகும்."

"அந்த வெளியூர் ஆளோட போன் நம்பர் என்கிட்ட இருக்கு" என்றாள் நர்ஸ். "என் வீட்டுலயும் ஒரு வேலை இருந்துச்சு, வாங்கி வெச்சேன். கூப்பிடட்டுமா?"

டாக்டர் இடிந்துபோய்த் தன் புது கமோடின் மேலேயே உட்கார்ந்தார். இடது முழங்கை இடிக்க அங்கே இப்போது சுவர் இல்லை.

"உனக்குன்னு பத்திரமாத்தாம்மா எடுத்து வெச்சேன்" என்றார் தங்கையிடம்.

தங்கை போனைத் தாழ்த்தாமலே பேசினாள். "நீ கேட்டிருந்தா முழுசையும் குடுத்திருப்பேண்ணா. அம்மா சத்தியமா குடுத்திருப்பேன். ஒரு அப்பாவியை ஜெயிலுக்கு அனுப்பிட்டு, எங்கூட உக்காந்து நகை போச்சேன்னு அழுதியே! இனிமே ஒரு குண்டுமணிகூட உனக்குக் கிடையாது. இந்த வீட்டுல உன் பாதியையும் கோர்ட்டுல போட்டுப் பிடுங்கறேன், பாரு."

இன்ஸ்பெக்டர் டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். கூட்டம் பார்க்கிறது, போன் படம் பிடிக்கிறது, நாளைக்குப் பேப்பரில் வரும். தோரணை தானாக வந்தது. "நட!"

"செருப்பு..." என்றார் டாக்டர்.

"என் தம்பிக்குக் குடுத்தீங்களா?" என்றாள் தையற்காரி.

கூட்டம் வழிவிட்டது. வெறுங்காலோடு டாக்டர் குளியலறை வாசலைத் தாண்டினார். சிதறிக் கிடந்த டைல்ஸ் துண்டு ஒன்று காலில் குத்தியிருக்க வேண்டும், முகம் கோணியது. யாரும் உச்சுக்கொட்டவில்லை. ஜன்மத்துக்கும் நிமிர முடியாதபடி அந்தத் தலை குனிந்திருந்தது. கண்டக்டர் பெருமூச்சு விட்டார். முடிந்தது. திங்கட்கிழமை மேஸ்திரி வெளியே வந்துவிடுவான்.

இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் நினைத்தார். போகிற போக்கில் தையற்காரியைப் பார்த்துச் சிரித்தார். "உன் தம்பிக்காக நானே சாட்சி சொல்லியிருக்கேன் பாத்தியாம்மா? இப்போ சந்தோஷம்தானே?"

தையற்காரி அவர் வழியில் வந்து நின்றாள்.

"எந்தக் கையால சார் பிடிச்சான்?"

"என்ன?"

"நீங்க விழப் போனப்போ என் தம்பி பிடிச்சான்னு சொன்னீங்களே. எந்தக் கையால?"

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடப் பார்த்து வழுக்கி விழுந்தவன் என்று கோர்ட்டில் இந்த ஆள்தானே சத்தியம் செய்தார்? இப்போது இதே வாயால், இத்தனை பேர் எதிரில், மேஸ்திரி ஓடவுமில்லை, விழவுமில்லை, விழப்போன தன்னைத் தாங்கிப் பிடித்தான் என்று சொல்லிவிட்டார். தண்ணீரை விட்டு வெளியே வரும்போது அந்தக் கை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நேராகக் கூட்டிப் போனது ஸ்டேஷனுக்கு. அப்படியானால் விரல்கள் எங்கே உடைந்தன?

கண்டக்டர் திரும்பி ஊசியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. டாக்டருக்காக அல்ல, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காலையிலிருந்து இத்தனையும்.

"போனைக் கீழ வைம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், டாக்டரின் தங்கையிடம். குரலில் பழைய அதிகாரம் இருந்தது, பழைய பலம் இல்லை.

தங்கை தன் அண்ணனைப் பார்த்தாள், பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். போன் இன்னும் கொஞ்சம் மேலே உயர்ந்தது.

"வலது கை சார்" என்றாள் தையற்காரி. "என் தம்பி எதைப் பிடிச்சாலும் வலது கையாலதான் பிடிப்பான். உங்களைக் காப்பாத்தின அந்தக் கையைத்தான் நீங்க ஒடைச்சீங்க. டாக்டர் ஒரு ஆள் முடிஞ்சுது. இப்போ நீங்க சொல்லுங்க, தெருவே கேக்கட்டும்."